சினக்கரா மலை ஆண்டவருக்கு ஒரு நேர்ச்சை

தம்பி மகன் குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடியபோது அவன் அம்மா வைத்த நேர்ச்சை இது. அவள் பெரு நாட்டில் கஸ்கோவுக்குக் கிழக்கே ஒக்கோங்காத்தே மலைவட்டாரத்துக்காரி. "பிள்ளை பிழைத்தால் கொய்லூர் ரித்தி ஆண்டவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று வேண்டியிருந்தாள். சினக்கரா மலைக்கோயிலில் பாறையில் இருக்கும் இயேசு ஆண்டவரின் உருவத்துக்குத்தான் அந்தப் பெயர். நானும் கூட வருவதாக அப்போதே சொல்லிவிட்டேன்.

ஈஸ்டர் கழிந்து 58ஆம் நாள்தான் திருவிழாவின் முக்கிய நாள். ஜூன் வாக்கில் வரும், அங்கே கடுங்குளிர் காலம். கஸ்கோவிலிருந்து பேருந்தில் போனால் பிரேசில் பக்கம் போகிற நெடுஞ்சாலை ஒக்கோங்காத்தே வழியாகவே செல்கிறது. சாலையை விட்டு விலகினால் அல்பாக்கா மந்தை, உருளைக்கிழங்குக் கொல்லை, காதில் விழுவதெல்லாம் அந்த மலைமக்களின் கெச்சுவா மொழிப் பேச்சு. 6,384 மீட்டர் அவுசங்காத்தே சிகரம் கண்ணில் பட்டதும் தம்பி மனைவி தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டாள். அந்த மலையும் அவர்களுக்குத் தெய்வம்தான்.

மலைநடை தொடங்கும் மாவயானியில் இறங்கியதுமே குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்தால் வாடகை இரண்டு மடங்கு. நேர்ச்சை செலுத்த வருகிறவர்களிடம் இப்படியா பிடுங்குவது! வேண்டாம் என்று நடந்தோம். எட்டுக் கிலோமீட்டர்தான், ஆனால் 4,600 மீட்டருக்கு மேலே ஏற வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்றேன். தலை வெடித்துவிடும் போல இருந்தது. வழியில் ஒரு சிலுவையடியில் உட்கார்ந்திருந்த பாட்டி, கேட்காமலே மலையேறுகிறவர்கள் மூச்சுத்திணறலுக்கு மெல்லும் கோக்கா இலையை ஒரு கைப்பிடி என் கையில் திணித்தார். மென்றுகொண்டே ஏறினேன். தம்பி மனைவி பையனைக் கோடுபோட்ட கம்பளித் துணியில் முதுகோடு கட்டி, நெஞ்சில் முடிச்சுப் போட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "மெதுவா வாங்க அக்கா" என்று தம்பி சொல்லிக்கொடுத்த தமிழில் திரும்பித் திரும்பிச் சொன்னாள்.

சினக்கராவில் கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பல்லாயிரம் பேர், பவுக்கர்தம்போ, கிஸ்பிகாஞ்சி என்று எட்டு வட்டாரத்து ஆட்டக்குழுக்கள், இரவெல்லாம் மேளமும் புல்லாங்குழலும். கோயில் வாசலில் நெரிசலில் நசுங்கினோம். கரடிவேடம் போட்ட உக்குக்குகள் சாட்டையோடு காவல் நின்றார்கள். கம்பளி முகமூடி போட்ட ஒருவர் பையனைக் கண்டதும் குனிந்து, கீச்சுக்குரலில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். உடனே சாட்டையை நீட்டிக் கூட்டத்தை விலக்கி எங்களை உள்ளே விட்டார்.

பாறையில் ஆண்டவர். இடையச் சிறுவன் மரியானோவுக்குத் தோழனாக வந்து ரொட்டியைப் பகிர்ந்துகொண்டவர், அவன் மந்தையைப் பெருகச் செய்தவர், 1780 முதல் இந்தப் பாறையில் இருக்கிறவர். அவள் முடிச்சை அவிழ்த்துப் பையனைத் தரையில் நிறுத்தினாள். "தைத்தாச்சா" (அப்பனே) என்றாள், அவ்வளவுதான், மேலே பேச்சு வரவில்லை. பையன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். நான் மனப்பாடமாகத் தெரிந்த செபத்தைக்கூட மறந்துவிட்டு, "அப்பா, இவனைத் தந்தீரே, தந்தீரே" என்று தமிழிலேயே புலம்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தள்ளினார்கள். யார் தள்ளினால் என்ன, நகர மனமில்லை.

அன்றிரவு உக்குக்குகள் பனிமலைக்கு ஏறினார்கள். முன்பெல்லாம் பனிப்பாளங்களை முதுகில் சுமந்து வருவார்களாம். அந்தத் தண்ணீர்தான் நோயாளிகளுக்கு மருந்து. பனி வருடாவருடம் சுருங்குவதால் இப்போது வெட்டக் கூடாதென்று அவர்களே நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லும்போது தம்பி மனைவி அழுதேவிட்டாள்.

காலைப் பூசை முடிந்து கீழே இறங்கினோம். மலைகளைத் தாண்டித் தயங்கானி என்ற ஊருக்குப் போகும் இரவுப் பவனியில் நடக்க எனக்குத் தெம்பில்லை. இலை தந்த அந்தப் பாட்டியும், வழிவிட்ட அந்த முகமூடிக்காரரும், இரவில் எங்களுக்குப் போர்வை கொடுத்த குடும்பமும் யாரென்றே தெரியாது. ஆண்டவரே, அவர்கள் அல்பாக்காக்கள் பெருகட்டும், கிழங்குக் கொல்லையில் உறைபனி விழாதிருக்கட்டும், அந்த மலையில் பனியைத் திரும்பத் தாரும்.