டேப்லெட்டில் வரையப் பழகும்போது எனக்கு உண்மையில் உதவியவை

ஓவியப் படிப்புக்கு போர்ட்ஃபோலியோ (என் படங்களின் தொகுப்பு) தயார் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் டேப்லெட்டில் வரையத் தொடங்கினேன். டேப்லெட் வாங்கினால் வரைவது சீக்கிரம் கைவருமா என்று இப்போது தொடங்குகிறவர்கள் கேட்கிறார்கள். கைவராது, அதற்குக் குறுக்குவழியே கிடையாது. ஆனால் வரைந்த படத்தில் எது இடிக்கிறது என்பது சீக்கிரம் பிடிபடும். பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை என்பேன்.

ஒரு முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் அதையே பார்த்து வரைந்தால் பார்வைக்குப் பழகிப்போய், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்பதுகூடத் தெரியாது. காகிதத்தில் வரைகிறவர்கள் இதற்காகப் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பார்கள், இங்கே இடவலமாகப் புரட்ட ஒரு தட்டு போதும், கோணல் உடனே பளிச்சென்று தெரிந்துவிடும்.

வண்ணத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே புது லேயர் (படத்தின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி போடும் அடுக்கு) ஒன்று போட்டு, கறுப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை, அதாவது கீழே இருக்கும் படத்தோடு அது கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்றுங்கள். முழுப் படமும் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். பச்சைப் புதருக்கு முன்னால் நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர் வண்ணத்தில் எடுப்பாக இருந்திருப்பார், இதில் பார்த்தால் புதரோடு புதராக ஒரே சாம்பலாகிவிட்டிருப்பார். வண்ணம் வேறானாலும் இரண்டின் வெளிச்ச அளவும் ஒன்றுதான் என்று அர்த்தம். புதரைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், ஆள் முன்னே வந்துவிடுவார். இதைப் பழகின பிறகு என் படங்கள் மாறிய அளவுக்கு வேறு எந்தப் பயிற்சியாலும் மாறவில்லை.

புரோக்ரியேட் மாதிரி செயலிகள் நீங்கள் வரைவதைத் தானாகவே டைம்லாப்ஸாக, அதாவது வேகமாக ஓடும் வீடியோவாக, பதிவு செய்து வைக்கும். அதை மற்றவர்களுக்குக் காட்டத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள், நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். மூக்கு எங்கே வரும் என்று முடிவாகும் முன்பே இமை முடியை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருப்பது அதில் மாட்டும்.

லேயர் வசதியைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதனால் சுருக்கமாக: கோடு தனியாக, வண்ணம் தனியாக இருந்தால் ஒரே படத்துக்கு மூன்று நான்கு வண்ணத் திட்டம் போட்டுப் பார்க்கலாம், பெயின்டும் வீணாகாது. அச்சிட வேண்டிய படமென்றால் ஏ4 அளவு, 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480க்கு 3508 பிக்சல் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கிவிடும். திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சில் மங்கித்தான் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

போட்ட கோட்டை ரத்து செய்யும் அன்டூ மட்டும் இருபக்கமும் கூர்மையான கத்தி. பயமில்லாமல் முயன்று பார்க்க வைக்கும், சரி, ஆனால் ஒரே கோட்டை இருபது தடவை அழித்துப் போடவும் வைக்கும். நேரம் வைத்து ஸ்கெட்ச் பழகும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டெபிலைசரும் அப்படித்தான், கோட்டின் நடுக்கத்தை அது மறைத்துவிட்டால் கை எப்படிப் பழகும்? பயிற்சியின்போது குறைத்து வையுங்கள்.

டிஜிட்டலெல்லாம் ஓவியமா என்று யாராவது கேட்டால் ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியைச் சொல்லுங்கள். எழுபது வயதைத் தாண்டி ஐபேடில் வரையத் தொடங்கியவர், அந்தப் படங்கள் பெரிய அச்சுகளாக 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் தொங்கின. அதற்காகக் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். போர்ட்ஃபோலியோவில் பென்சில் ஸ்கெட்சும் கட்டாயம் இருக்கட்டும், பார்க்கிறவர்கள் அதைத் தேடுவார்கள்.

செயலிக்குச் செலவு செய்ய முடியாதென்றால் கிரிட்டா இலவசம், கணினியிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். பணத்தை அழுத்தம் உணரும் பேனாவுக்கு ஒதுக்குங்கள். ரப்பர் முனை வைத்த சாதா ஸ்டைலஸில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனாகத்தான் விழும்.