இடாப்பு இல்லாத திங்கட்கிழமை

அறுபது வயது முடிந்து, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று வெண்கட்டியை வைத்துவிட்டேன். இன்று காலை பழக்கதோஷத்தில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம்வரை சைக்கிள் மிதித்த பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாவியைப் பார்த்தபடி செபமாலை சொன்னேன். நடுவில் ஓய்வூதியப் படிவங்கள் குறுக்கிட்டன, மாதா பொறுத்துக்கொள்வார்.

1960களின் தொடக்கத்தில் மிஷன் பள்ளிகள் அரசின் கைக்குப் போயின. எங்கள் பள்ளியில் காலைச் செபம் மட்டும் நின்றதில்லை. ஆனால் என் விசுவாசத்தைச் சோதித்தது வகுப்பு வரவுப் பதிவேடான இடாப்புதான். 2004 சுனாமிக்குப் பின் பள்ளி திறந்தபோது பெயர்களைக் கூப்பிட்டேன். மூன்று பெயர்களுக்குப் பதில் வரவில்லை. சிவப்புக் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அந்தப் பள்ளித் தவணை முழுவதும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளி அதிபரும் கண்டுகொள்ளவில்லை.

பாலத்தில் நின்று இன்றும் அந்த மூன்றையும் சொல்லிப் பார்த்தேன்.