ஸ்பானிஷில் 'லே லோ' ஏன் 'செ லோ' ஆகிறது?

ஸ்பானிஷில் இரண்டு பிரதிப்பெயர்கள் சேர்ந்து வந்தால் 'யாருக்கு' முதலில், 'எதை' அடுத்து. இந்த வரிசை மாறவே மாறாது. 'மே லோ தா' என்றால் 'எனக்கு அதைத் தருகிறான்'.

சிக்கல் படர்க்கையில்தான். அங்கே 'லே' என்றால் அவனுக்கு அல்லது அவளுக்கு, 'லெஸ்' என்றால் அவர்களுக்கு. 'மரியாவுக்குப் புத்தகத்தைத் தருகிறேன்' என்பது 'லே தோய் எல் லிப்ரோ அ மரியா'. புத்தகத்தை 'லோ' ஆக்கினால் 'லே லோ தோய்' என்று வரவேண்டும் அல்லவா? வராது. 'அதை', 'அவற்றை' எனப் பொருள்படும் லோ, லா, லோஸ், லாஸ் எதற்கு முன்னாலும் 'லே', 'லெஸ்' இரண்டுமே 'செ' ஆகிவிடும்: 'செ லோ தோய்'. 'தன்னை' என்ற பொருளில் வரும் 'செ' வேறு, இது வேறு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. அவனுக்கா, அவளுக்கா, உங்களுக்கா என்பதும் இந்தச் 'செ'யில் தெரியாது. தெளிவு வேண்டுமென்றால் கடைசியில் 'அ எய்யா' சேர்த்தால் 'அவளுக்கு' என்று ஆகிவிடும்.

இனி இந்த ஜோடி நிற்கும் இடம். காலமும் நான், நீ, அவன் என்ற வேறுபாடும் காட்டும் விகுதி ஏற்ற வினைக்கு முன்னால் தனியாக நிற்கும். ஏவலில் வினையோடு ஒட்டிக்கொள்ளும்: 'தாமேலோ', எனக்கு அதைத் தா. எழுதும்போது அந்த 'தா'வின் உயிரெழுத்து மேல் அழுத்தக்குறி கட்டாயம். 'தராதே' என்றால் மறுபடி முன்னால்: 'நோ மே லோ தெஸ்'.

'உனக்கு அதைத் தர விரும்புகிறேன்' என்பதற்கு 'தே லோ கியேரோ தார்', 'கியேரோ தார்தேலோ' இரண்டும் சரி. ஆனால் ஜோடியைப் பிரித்து 'தே கியேரோ தார்லோ' என்றால் தவறு.