என் லோ பீம் அடுத்தவர் கண்ணில்: ஆறு வாரம் செய்து பார்த்தது

சிங்கப்பூரின் நியோ தியூ சாலையில் இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று பேர் எனக்கு ஹை பீம் அடித்துக் காட்டினார்கள். நான் லோ பீமில்தான் வந்துகொண்டிருந்தேன். டேஷ்போர்டில் ஹை பீமைக் காட்டும் நீல விளக்கு எரியவில்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். கிராஞ்சிப் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் நண்பரை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி அது. போக ஒரு தடம், வர ஒரு தடம், இரண்டு பக்கமும் மரம். எதிரே வருகிறவர்களின் எல்இடி விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று ஒரு வருடமாக வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்குத்தான் என் வெளிச்சமும் யாரோ ஒருவர் கண்ணில் போய் விழுகிறது என்று உறைத்தது. அந்த மூவரில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரை நினைத்து இரவு சரியாகத் தூங்கவில்லை.

என் கார் 11 வயதான ஜப்பானிய செடான். எச்4 ஹாலஜன் பல்பு, அதாவது லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒரே பல்பு. பத்து வயது தாண்டிய கார் என்பதால் வருடா வருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே விளக்கின் திசையையும் பார்ப்பார்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அப்படியே ஓட்ட மனம் வரவில்லை.

முதல் வாரம் கண்ணாடியில் தொடங்கினேன், அது செலவில்லாத வேலை என்பதால். முன் கண்ணாடியின் உள்பக்கம் பகலில் சுத்தமாகத்தான் தெரிந்தது. இரவில் காரை நிறுத்தி, எதிரே டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒரு விரலால் கோடு இழுத்தேன். கோடு இருந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெளிந்தது, மற்றதெல்லாம் பால் தடவியது போல இருந்தது. வெயிலில் நிற்கிற காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகிற எண்ணெய்ப் பசை கண்ணாடியில் போய்ப் படிகிறது. நம் ஊர் வெயிலில், திறந்தவெளி கார் பார்க்கில் நிற்கிற காருக்குக் கேட்கவே வேண்டாம். எதிர் விளக்கு இந்தப் படலத்தில் பட்டுச் சிதறும்போது கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளைத் திரை விழுந்துவிடுகிறது.

பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு கலந்த தண்ணீரால் முதலில் துடைத்தேன். அப்புறம் மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹால். மைக்ரோஃபைபர் துணி மூன்று தேவைப்பட்டது, முதல் துணி பழுப்பாகிவிட்டது. ஒரு சின்ன விஷயம் உதவியது: உள்பக்கம் மேலும் கீழுமாகத் துடையுங்கள், வெளிப்பக்கம் இடம் வலமாகத் துடையுங்கள். கோடு மிச்சமிருந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். வெளிப்பக்கத்து எண்ணெய்ப் படலம் ஆல்கஹாலுக்கு அசையவில்லை. சீரியம் ஆக்சைடு பாலிஷ் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்த பிறகு தண்ணீர் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்காமல் விரிப்பாக இறங்கியது. அதுதான் படலம் போய்விட்டதற்கு அடையாளம். வைப்பர் ரப்பரையும் அன்றே மாற்றிவிட்டேன்.

இந்த ஒரு வேலையிலேயே கண் கூச்சம் பாதி குறைந்த மாதிரி இருந்தது. எதிரே வருகிறவர்களைத் திட்டியதில் கணிசமான பங்கு என் கண்ணாடிக்குப் போயிருக்க வேண்டியது.

இரண்டாவது வாரம் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் மச்சான் வீட்டு முன்வாசலில் போனது. தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் வீவக (அரசு அடுக்குமாடி) கார் பார்க்கில் செய்கிற வேலை இல்லை. முகப்பு விளக்கின் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் மேல் தொழிற்சாலையில் பூசிய காப்புப் பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரில் உதிர்ந்ததும் மஞ்சள் அடிக்கிறது. மங்கிய மூடி இரண்டு கெடுதல் செய்கிறது. முன்னால் போக வேண்டிய வெளிச்சத்தைக் குறைக்கிறது, மிச்ச வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்து எதிரே வருகிறவர் கண்ணுக்கும் கொஞ்சம் அனுப்புகிறது.

சுற்றிலும் டேப் ஒட்டி, 800, 1500, 2000, 3000 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். 800 போட்டதும் மூடி இன்னும் மோசமாக, வெள்ளையாக மங்கிப்போனது. கெடுத்துவிட்டோமோ என்று பயம் வந்தது. மச்சான், "நிறுத்தாதீங்க அத்தான், பழைய பூச்சு முழுசா போகணும்" என்றார். மஞ்சளாக வடிந்த தண்ணீர் தெளிவாக வடிய ஆரம்பிக்கும் வரை தேய்க்க வேண்டும் என்று அவர் சொன்னது சரியான அளவுகோல். பிறகு பாலிஷ், கடைசியில் புற ஊதா தாங்கும் இரட்டைக் கலவை கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சை விடவே கூடாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருவது உண்மை, ஆனால் காப்பு எதுவும் இல்லாததால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள் திரும்பிவிடும். என் இடது மூடியில் பூச்சு கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் போலச் சுருங்கியிருக்கிறது. மிக அருகில் ஸ்பிரே அடித்ததன் விளைவு.

முன்னும் பின்னும் அதே சுவர், அதே 5 மீட்டர், அதே கைபேசிச் செயலி: இடது விளக்கு 140 லக்ஸிலிருந்து (லக்ஸ் வெளிச்சத்தின் அளவு) 330. கைபேசி காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒரே கருவியில் எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடலாம்.

இனி மூன்றாவது வாரம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மூடி தெளிந்ததும் வெளிச்சம் கூடியது. குறி தப்பிய விளக்கு என்றால் எதிரே வருகிறவருக்குத் தொந்தரவும் கூடியிருக்கும். ஆகவே அதை அளக்காமல் இரவில் வண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் புளோக்கின் பல மாடி கார் பார்க்கில் மேல் தளம் இரவு பதினொன்றுக்குப் பிறகு காலியாக இருக்கும். தண்ணீர் வடிய அங்கங்கே சரிவு உண்டு, அதனால் ரசமட்டம் வைத்து மூன்று இடம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தேன். டயர் காற்று சரி. தொட்டியில் பாதி பெட்ரோல். ஓட்டுநர் இருக்கையில் மனைவி. தரையிலிருந்து பல்பின் நடு உயரம் 66 செண்டிமீட்டர். விளக்கு உறையில் 1.0% என்று அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் வீதம் வெளிச்சம் கீழே இறங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் 5 மீட்டர் தள்ளி இருக்கும் கைப்பிடிச் சுவரில் வெட்டுக்கோடு, அதாவது வெளிச்சம் முடிகிற மேல் விளிம்பு, 61 செண்டிமீட்டரில் விழ வேண்டும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டினேன்.

இடது விளக்கு 60. நல்லது. வலது விளக்கு 70.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இறங்க வேண்டிய வெளிச்சம் 5 மீட்டரில் 4 செண்டிமீட்டர் ஏறுகிறது. அப்படியே போனால் 50 மீட்டரில் 106 செண்டிமீட்டர், 60 மீட்டரில் 114. எதிரே செடான் ஓட்டி வருகிறவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிற ஊர். எதிர் வண்டி வருவது வலப்பக்கம். கோணல் அந்த விளக்கிலேயே.

கழற்றிப் பார்த்தேன். எச்4 பல்புக்கு மூன்று காதுகள், அவை உறையின் பள்ளங்களில் சரியாக உட்கார வேண்டும். ஒரு காது வெளியே நின்றது. எட்டு மாதத்துக்கு முன் அந்தப் பல்பை மாற்றியது நான். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் உண்டு, விளக்கின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கிப் போகக்கூடிய வெளிச்சத்தை மறைப்பது அதுதான். பல்பு கொஞ்சம் சாய்ந்தாலே அந்த மறைப்பும் இடம் மாறிவிடும். சரியாக உட்கார வைத்ததும் கோடு 64க்கு இறங்கியது, மங்கலாக இருந்த விளிம்பும் கூர்மையானது. மிச்சத்தை விளக்கின் பின்பக்கத் திருகில் கால் கால் சுற்றாக இறக்கி 61க்குக் கொண்டுவந்தேன். 10 மீட்டரில் மறுபடி பார்த்தேன், 56 வர வேண்டும், வந்தது. இடது ஓரத்தில் கோடு மேலே ஏறுவது பிழை அல்ல. நடைபாதையில் போகிறவரைக் காட்டுவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

நண்பர் ஒருவர் கொடுத்த எல்இடி பல்பையும் அதே சுவரில் போட்டுப் பார்த்தேன், சாலையில் அல்ல. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று பிரமாதம். ஆனால் கோட்டுக்கு மேலே வெளிச்சம் கசிந்தது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்காக வடித்தது. ஒளி புறப்படுகிற இடமும் வடிவமும் மாறினால் அதன் கணக்கு தப்பும். அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவில் ஓட்ட என்று விற்கிற மஞ்சள் மூக்குக்கண்ணாடியும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பயனில்லை. 2019ல் அமெரிக்காவின் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிலையத்தார் செய்த சோதனையிலும், எதிர் வெளிச்சத்தில் பாதசாரியைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி உதவவில்லை என்றுதான் வந்தது.

ஐந்தாவது வாரம் கோலாலம்பூர் பயணம். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே விளக்கின் வெளிச்சத்தைக் கீழே இறக்க, 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் உண்டு. பதினோரு வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. கிளம்புவதற்கு முந்தைய இரவு மாமாவையும் அத்தையையும் மகனையும் பின்னால் உட்கார வைத்து, பூட்டில் பெட்டிகளை அடுக்கி, அதே சுவரில் பார்த்தேன். பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் தூக்கியதில் கோடு 6 செண்டிமீட்டர் ஏறிவிட்டது. சக்கரத்தை 2க்குத் திருப்பினால் 62. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் குடும்பத்தோடு ஏறிப் போகிற ஒவ்வொரு கிளம்பலிலும் இதைச் செய்திருக்க வேண்டும்.

துவாஸ் எல்லைப் பாலம் வழியாகப் போய் மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், சந்திப்புகளை விட்டு விலகியதும் பெரும்பாலும் இருட்டுத்தான். அங்கே இன்னொன்றையும் கணக்குப் போட்டேன். 66 செண்டிமீட்டர் உயர விளக்கு ஒரு சதவீதம் இறங்கினால் வெட்டுக்கோடு 66 மீட்டரில் தரையைத் தொடும். 110 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டு நொடித் தூரம். லோ பீமில் 90ஐத் தாண்டவில்லை. யோங் பெங் அருகே மழை பிடித்தது. ஈரச் சாலை நம் வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடுகிறது, நம்மிடம் திருப்பி அனுப்புவதில்லை. கோடுகள் காணாமல் போகின்றன. எதிர்ப்பக்கத்து வெளிச்சமோ தரையில் பட்டு நேராக நம் கண்ணுக்கு வருகிறது. பார்வையை இடது ஓரக் கோட்டில் வைத்துக்கொண்டேன். விளக்குக்கும் பார்வைக் கோட்டுக்கும் உள்ள கோணம் இரட்டிப்பானால் கண்ணுக்குள் விழும் வெண்திரை ஏறக்குறைய கால் பங்காகிவிடும், அதனால் இது நன்றாகவே வேலை செய்கிறது. பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடியின் அடியில் இருக்கும் நெம்புகோலைத் தட்டியதும் பின்னால் வந்த லாரியின் விளக்கும் அடங்கியது.

பின்னாலிருந்து மாமா, "மாப்பிள்ளை, போன தடவ இந்த இடத்துல முன்னால குனிஞ்சுகிட்டு ஓட்டுனீங்க" என்றார். அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. இரவு விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததால்தான் முதலில் மருத்துவரிடம் போனார். அவர் அதைச் சொன்னதும் எனக்கு இன்னொரு வேலை மிச்சமிருப்பது புரிந்தது. எனக்கு 52 வயது. வயது ஏற ஏறக் கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறுவது கூடும். கார் கண்ணாடியைத் துடைத்தவன் என் கண்ணாடியைச் சோதித்து நான்கு வருடம்.

ஆறாவது வாரம் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் கண் பரிசோதனை. வலது கண்ணில் சிலிண்டர் (கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர்) 0.75 ஏறியிருக்கிறது, சின்ன அளவுதான், ஆனால் இரவில் விளக்குகள் கோடு கோடாக நீள்வதற்கு அது போதும் என்றார்கள். புரை இல்லை. எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சோடு புதுக் கண்ணாடி சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை இரவு நண்பரை மறுபடி கிராஞ்சியில் கொண்டுபோய் விட வேண்டும். அதே நியோ தியூ சாலை.