பீட்டிலுக்குள் வெப்பம்

என்னுடைய 1966ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் உட்புறச் சீரமைப்பு, ஜெர்மனியின் இந்தக் குளிர்காலத்திற்குள் ஒருவழியாக முடிந்திருக்கிறது. இருக்கை உறையைப் பிரித்தபோது உள்ளேயிருந்த தென்னை நார் மெத்தை பொடிப்பொடியாக உதிர்ந்தது. நுரை மெத்தை போதும் என்றார்கள், நான் பிடிவாதமாக நார் மெத்தையையே தேடி வாங்கினேன்.

உண்மையான வேலை ஹீட்டரில்தான் இருந்தது. இந்த எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவதால், மற்ற கார்களைப் போலச் சுடுநீரைக் கொண்டு உள்ளே சூடேற்ற வழியில்லை. எஞ்சின் விசிறி தள்ளும் காற்று, புகைக் குழாய்களைச் சுற்றியுள்ள உறைகளில் சூடாகி, கதவுகளுக்குக் கீழே ஓடும் இரும்புக் குழல்கள் வழியாகக் கால்களுக்கும் முன்கண்ணாடிக்கும் வந்து சேர்கிறது. அந்தக் குழல்களே காரின் உடலுக்கு வலுவூட்டும் பகுதிகளும் என்பதால், அவை துருப்பிடித்தால் குளிரோடு பிரச்சினை முடிவதில்லை, கட்டுமானமே தளர்ந்துவிடும். வலப்பக்கக் குழலை முழுவதுமாக வெட்டி நீக்கிப் புதியதைப் பற்றவைத்தோம். வெப்ப உறைகள் அரித்துப்போனால் நச்சுப் புகை உள்ளே கசியக்கூடும் என்பதால் அவற்றை மாற்றுவதில் சிக்கனம் பார்க்கவில்லை.

கைப்பிரேக்கின் அருகிலுள்ள ஹீட்டர் நெம்புகோலை இன்று காலை உயர்த்தி ஓட்டியபோது, சிறிது தூரத்திலேயே கண்ணாடியின் பனிமூட்டம் விலகியது. பின்னிருக்கையில் இன்னும் குளிர்தான்.