நான்கு முறை 'எதுவரைக்கும்'

திருமணமான மூன்றாம் ஆண்டில் குழந்தைக்காக ஜெபிக்கத் தொடங்கினோம். ஒன்பதாம் ஆண்டு முடிந்தபோது, எதற்காக ஜெபிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே முழங்காலில் நிற்கப் பழகியிருந்தோம். இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் கர்த்தருக்குத் தவணை குறித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குள், என் அடுத்த பிறந்தநாளுக்குள் என்று ஒரு நாளைக் குறிப்பதும், அது கடந்தவுடன் இன்னொன்றைக் குறிப்பதுமாக இருந்தேன். அதையே விசுவாசம் என்றும் நம்பினேன். வேதாகமத்தில் இஸ்ரவேலின் ராஜாவான சவுல், தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த 7 நாள் காத்திருந்து, சாமுவேல் வரத் தாமதிக்கவே தானே சர்வாங்க தகனபலியை, அதாவது முழுவதையும் எரித்துச் செலுத்தும் பலியை, செலுத்தியதும், அதை முடித்த உடனே சாமுவேல் வந்து சேர்ந்ததும் எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த கதை. ஆனால், ஏறக்குறைய முழுத் தவணையும் காத்திருந்தவன் அவன் என்பது அந்த ஆண்டுகளில்தான் என் கண்ணில் பட்டது.

சபையில் பலரும், பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளைச் சொல்லித் தேற்றினார்கள். அவர்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அன்னாளின் பெயரைச் சொல்கிறவர்கள், அவளுடைய அழுகை வருஷந்தோறும் நடந்தது என்பதையும், ஆலயத்தில் ஜெபித்த அவளை ஆசாரியனாகிய ஏலி குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணியதையும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிகிச்சைக்குப் போவது அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் சிகிச்சையைத் தொடர்ந்தோம்; பின்னர் உடலும் கையிருப்பும் இடங்கொடுக்காததால் நிறுத்தினோம். இரண்டு முடிவையும் ஜெபத்தோடுதான் எடுத்தோம்.

எனக்கு உண்மையில் உதவியது வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஆபிரகாம் ஆரான் என்ற ஊரைவிட்டுப் புறப்பட்டபோது 75 வயது. தேவன் வாக்குக்கொடுத்த மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருக்கு 86 வயது, 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. நடுவில் உள்ள 13 ஆண்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேவன் பேசியதாகவும் இல்லை, ஆபிரகாம் புலம்பியதாகவும் இல்லை. அந்த ஆண்டுகளிலும் அவர் மந்தையைப் பார்த்திருப்பார், கூடாரக் கயிற்றை இறுக்கியிருப்பார், இரவில் உறங்கியிருப்பார். எழுதப்படாத நாட்களையும் மனிதன் தேவனுக்கு முன்பாகத்தான் வாழ்கிறான் என்பது, எனக்குக் கிடைத்த எந்த வாக்குத்தத்த வசனத்தைவிடவும் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன்பின் சொந்த வார்த்தைகளில் ஜெபிப்பதைச் சில மாதங்கள் நிறுத்திவிட்டு, இரவில் 13ஆம் சங்கீதத்தை மட்டும் சத்தமாக வாசித்தேன். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வந்துவிடுகிறது. நடுவில் பதில் கிடைத்ததாக, அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது எதையும் சொல்லவில்லை. சத்துரு போய்விட்டதாகவும் சொல்லவில்லை. தேவனிடமே கேள்வியையும் நம்பிக்கையையும் சேர்த்து வைத்துவிடுகிறார். என் தவணைகள் எனக்குத் தெரியாமலேயே உதிர்ந்தது அந்த மாதங்களில்தான். ஐந்து ஆண்டுகளாகத் தட்டிக்கழித்த ஞாயிறு பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்பையும் அப்போது ஏற்றுக்கொண்டேன்; முதல் வாரம் அழுதேன், மறுவாரம் அழவில்லை.

என் கணவரால் அந்த நாட்களில் ஜெபிக்கவே முடியவில்லை. நான் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் "ஆமென்" என்பார், அவ்வளவுதான். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. போன மாதம் ஓர் இரவு அவரே வேதாகமத்தை எடுத்து அந்தச் சங்கீதத்தை வாசித்தார். நான்காம் வசனம் முடிந்ததும் வெகுநேரம் நிறுத்திவிட்டார். ஐந்தாம் வசனத்தை நான் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தேன்.