பன்னிரண்டு மணிக்குக் கோழி, ஒன்றரைக்கு பிரிஸ்கெட்

பார்பிக்யூ, அதாவது விறகு, கரிப் புகையில் நிதானமாக இறைச்சி வேகவைக்கும் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்கச் சங்கம் கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி. அதன் விதிப்படி நடக்கும் போட்டியில் அடுப்பைவிடக் கடிகாரம்தான் ஆட்டிவைக்கிறது. மிசௌரியில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் உணவுத் திருவிழாவில், ஆள் குறைகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னையும் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் இறைச்சிப் பரிசோதனை. அது முடியும்வரை உப்புக்கூடத் தடவக் கூடாது. வீட்டிலேயே மசாலா போட்டு ஊறவைத்துக் கொண்டுவரும் பேச்சுக்கே இடமில்லை. கேஸ் அடுப்பும் கூடாது, விறகோ கரியோதான்.

இரவு முழுவதும் பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டது. கறியின் ஈரம் ஆவியாகி அதையே குளிர்விப்பதால் வரும் தேக்கம் இது; மணிக்கணக்கில் நீடிக்கும். விறகைத் திணிக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிதானமாகக் கறியை அலுமினியத் தாளில் சுற்றி மறுபடி உள்ளே வைத்தார். 200 தாண்டியபோது விடிந்திருந்தது.

மறுநாள் பன்னிரண்டுக்குக் கோழி, பன்னிரண்டரைக்கு விலா, ஒன்றுக்குப் பன்றித் தோள், ஒன்றரைக்கு பிரிஸ்கெட். முன்னே பின்னே ஐந்து நிமிடம்தான் சலுகை. மூடியுள்ள வெள்ளைப் பெட்டியில் ஆறு நடுவர்களுக்கு ஆறு துண்டாவது இருக்க வேண்டும். அடியில் பரப்பக் கீரை வகைகளிலும் சிலவற்றுக்கே அனுமதி. கொத்தமல்லி அதில் உண்டு என்றதும் ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. ஒரே அளவில் ஆறு கோழித் தொடைகளைத் தேர்ந்தெடுத்து, விளிம்பில் வழிந்த சாஸைத் துடைத்து, ஐஸ்கிரீமும் கையுமாகத் திரியும் பிள்ளைகளுக்கு நடுவே பெட்டியை ஏந்திக்கொண்டு போனேன்.

பெட்டியில் எண் மட்டுமே இருக்கும். யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியாது. தோற்றம், சுவை, மென்மை மூன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பெண். இறுதிக் கணக்கில் பாதிக்கு மேல் சுவைக்குத்தான். எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்றால் பூப்போல வெந்திருக்கிறது என்று நாம் மெச்சுவோம். இங்கே அது குழைந்துபோன விலா. கடித்த இடத்தில் மட்டும் சதை பெயர வேண்டும்.

கோழிக்கு நல்ல இடம் கிடைத்தது, பிரிஸ்கெட் நடுவாந்தரம். நடுவர் ஒரு வாய்தான் கடிப்பார் என்பதால் எல்லோரும் சர்க்கரையையும் உப்பையும் அள்ளிப் போடுகிறார்கள். ஒரு தட்டு சாப்பிட்டால் திகட்டிவிடும். வீட்டுக்குச் சமைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரே அந்த இனிப்பில் பாதிதான் சேர்க்கிறார்.